பேய்க்கு வாழ்க்கைப்பட்டவர்கள்

லாங்சுயரைப் பிடித்துக் குடும்பம் நடத்த மலாய்க்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிரசவத்தில் இறந்த பெண் லாங்சுயராகிறாள் என்பது நம்பிக்கை. பச்சை உடை, கணுக்கால் வரை புரளும் கருங்கூந்தல், நீண்டு கூர்ந்த நகம். அந்தக் கூந்தல் மறைத்திருக்கும் பின்கழுத்தில் ஒரு துளை உண்டு. எப்படியாவது அவளைப் பிடித்து, நகத்தை வெட்டி, கூந்தலைக் கத்தரித்து, இரண்டையும் அந்தத் துளைக்குள் திணித்துவிட்டால் அவள் சாதுவாகிவிடுவாள். மற்ற பெண்களிலிருந்து அவளைப் பிரித்து அறிய முடியாது. பல ஆண்டுகள் மனைவியாக இருப்பாள், பிள்ளையும் பெறுவாள். கணவன் காக்க வேண்டிய கண்டிப்பு ஒன்றே ஒன்று: ஊர்க் கொண்டாட்டத்தில் அவளை ஆடவிடக் கூடாது. ஆடினால் பழைய உருவம் திரும்பிவிடும். அப்படியே காட்டுக்குள் பறந்துவிடுவாள். சிலாங்கூரில் அரசுப் பணியில் இருந்த வால்டர் ஸ்கீட் 1900ஆம் ஆண்டு வெளியிட்ட மலாய் மாந்திரீகம் பற்றிய பெரிய நூலில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற பழமொழியோடு வளர்ந்த தமிழர்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். அவர்கள் மலாயா மண்ணுக்கு வந்து இறங்கியபோது, ஆவிகளோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும் கதைகள் ஏற்கெனவே இங்கே குடியிருந்தன. பீடோர் போன்ற ஓர் ஊரில் அவை மூன்று பக்கத்திலிருந்தும் காதில் விழும்.

பேராக்கின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் நடுவே பழைய நெடுஞ்சாலையில் இருக்கிறது பீடோர். இன்று அந்த வழியாகப் போகிறவர்கள் கொய்யாப்பழத்துக்கும் வாத்து நூடுல்ஸுக்கும் வண்டியை நிறுத்துகிறார்கள். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர்; அதன் அடிவாரத்தில் செமாய் பழங்குடியினரின் ஊர்கள்; சமவெளியில் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்கள்; ஈயத்தைத் தேடி வந்த சீனர்கள்; அவர்களுக்குப் பின், 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதி ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளின் வாரிசுகளைச் சீவுவதற்காகக் கப்பலேறி வந்த தமிழர்கள். பானோப்டேன், பீடோர் தஹான் என்று தோட்டத்தின் பெயரையே சுமக்கும் தமிழ்ப் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் உண்டு.

தோட்ட மக்களின் வரலாற்றை எழுதியவர்கள் ஆள்சேர்க்கும் கங்காணி முறையை எழுதினார்கள். கூலியை, கள்ளுக்கடையை, வேலைநிறுத்தத்தை எழுதினார்கள். எழுதவேண்டியவைதான். ஆனால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துத் திண்ணையில் ராத்திரி சொல்லப்பட்ட கதைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டார்கள். அது பெரிய நட்டம். அந்தக் கதைகளைக் கொஞ்சம் நெருங்கிக் கேட்டால், பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல்யாணப் பேச்சு நடப்பது தெரியும். யாரோ யாரையோ விரும்புகிறார்கள், நிபந்தனை பேசுகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், சிரிக்கவும் வைக்கிறார்கள்.

அதற்கு மண் தயாராகவே இருந்தது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் இந்தியர்களிடையே ஏறத்தாழ மூன்று ஆணுக்கு ஒரு பெண் என்ற நிலை. ஒப்பந்தக் கூலிமுறை அதற்கு முந்தைய ஆண்டுதான் முடிவுக்கு வந்திருந்தது. கங்காணிகள் குடும்பத்தோடு ஆள் கொண்டுவரக் கொண்டுவர நிலைமை மாறியது என்றாலும், 1938இல் இந்திய அரசு ஆளனுப்புவதை நிறுத்தும்வரை லயங்களில் தனியாள்கள் நிறையவே இருந்தார்கள். பால்மரம் விடியற்காலைக் குளிரில்தான் நன்றாகப் பால் வடிக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுபோகும். அதனால் ஐந்து மணி வாக்கிலேயே பிரட்டு எனும் ஆள்கணக்கு. பெயர் கூப்பிட்டு முடித்ததும் ஆளாளுக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குப் போக வேண்டும். ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் நிற்கும் நூற்றுக்கணக்கான மரங்கள்; பக்கத்து நிரையில் இருப்பவரின் விளக்கு மட்டும் அவ்வப்போது தெரியும். மல்லிகை வாசம் வந்தால் மோகினி, இடுகாட்டுக் கெம்போஜா பூ வாசம் வந்தால் மலாய்ப் பெண்பேய் பொந்தியானாக் என்று வாசத்தை வைத்தே இனம் பிரிக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

தமிழகத்திலிருந்து அவர்கள் கொண்டுவந்த பேயும் காதல்வயப்பட்ட பேய்தான். செஞ்சி வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆய்வு செய்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ் இதைத் துலக்கமாகக் காட்டியிருக்கிறார். அங்கே பேய் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை. பிடிக்கிற பேய், காதல் நிறைவேறாமல் அகாலமாக இறந்துபோன இளைஞன். கணவன் வீட்டில் மனம் ஒட்டாமல், ஊருக்கு வெளியே தனியாகப் போகும் பெண்ணைப் பார்க்கிறான், அவள்மேல் ஆசை வைத்துவிடுகிறான். பிறகு பம்பைக்காரர் வருகிறார். நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், எங்கே இவளைப் பார்த்தாய் என்று விசாரணை நடக்கிறது. போவதற்கு என்ன வேண்டும் என்று பேரம் நடக்கிறது. கோழி கேட்டால் கோழி. கடைசியில் அவள் தலைமுடியில் ஒரு கொத்தை அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். காதலன் மரத்தோடு போய்விடுவான், மனைவி வீட்டுக்குத் திரும்புவாள்.

மலாய்க் கதைகளிலும் ஆணி உண்டு. பொந்தியானாக்கின் பின்கழுத்தில் ஆணியை அடித்துவிட்டால் அழகான பெண்ணாகி மனைவியாக இருப்பாள். ஆணியைப் பிடுங்கினால் போயிற்று. தமிழனின் ஆணி பேயைப் பிரித்து வைக்கிறது, மலாய்க்காரரின் ஆணி சேர்த்து வைக்கிறது. குடும்பத்தோடு இருப்பவனுக்கு முதல் ஆணியும் லயத்தில் தனியாகக் கிடந்தவனுக்கு இரண்டாவது ஆணியும் பிடித்துப்போயிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

இந்தக் கதைகளுக்கெல்லாம் மூத்தது, தோட்டத்துக் கோயில் திடலில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணம். தெய்வம் ஒன்று தினைப்புனத்தில் கிளி விரட்டும் வேடர் வீட்டுப் பெண்மேல் மையல் கொண்டு, வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, தள்ளாத கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு, விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டு, கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தி அவள் கையைப் பிடிக்கிறது. கச்சியப்பரின் கந்தபுராணத்தில் இருக்கும் இந்தக் கதைக்கு மேடை வடிவம் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அவருடைய நாடகங்கள் தமிழர் போன இடமெல்லாம் போயின. வள்ளி திருமணத்தில் கூட்டம் காத்திருப்பது வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. எழுதிய பாட்டை வைத்துக்கொண்டு நடிகர்கள் அந்த இடத்திலேயே வார்த்தைக்கு வார்த்தை மோதுவார்கள். வள்ளியாக நடிப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் ஆண்டவன் திணறிப்போவான். திடலே விழுந்து விழுந்து சிரிக்கும். சாமியை வாயடைக்க வைக்கும் குறப்பெண்ணைக் கண்டு மகிழ்ந்த கூட்டம், மறுநாள் விடியலில் தோட்டத்து எழுத்தரான கிராணியின் முன்னால் கைகட்டி நின்ற கூட்டம். அந்தச் சிரிப்பின் பெறுமதியை இதிலிருந்து கணிக்கலாம்.

மலையடிவாரத்தில் ஆவிகளோடான உறவு இன்னும் மென்மையானது. செமாய் மக்களுக்கும் வடக்கே இருக்கும் தெமியார் மக்களுக்கும் கனவுதான் சந்திக்கும் இடம். தெமியார் இசையை ஆராய்ந்து 1991இல் நூல் வெளியிட்ட மரீனா ரோஸ்மன் விவரிக்கும் முறை இது: மரத்துக்கும் பூவுக்கும் ஆற்றுக்கும் மலைக்கும் உயிர் உண்டு. அவற்றில் ஒன்று தூங்கும் மனிதனைப் பார்த்து ஆசைப்பட்டு, அழகிய பெண்ணாகவோ ஆணாகவோ அவன் கனவில் வந்து, ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அன்று முதல் அது அவனுக்கு வழித்துணை. ஊர் கூடும் இரவில் அவன் அந்தப் பாட்டைப் பாடுவான். பெண்கள் மூங்கில் குழாய்களை மரக்கட்டையில் குத்தித் தாளம் போட்டு, ஒவ்வோர் அடியையும் திருப்பிப் பாடுவார்கள். வந்துபோனவளுக்கான ஏக்கம் பாட்டு முழுவதும் இருக்கும். நோயாளிக்கு அதுவே மருந்து. பேயை விரட்டப் பாடும் பம்பைக்காரரிடமிருந்து, பிரிந்துபோனவளை வரவழைக்கப் பாடும் இந்தப் பாடகன் எவ்வளவு தூரம்! ஆனால் இருவரும் இரவில், தாளத்தோடு, சுற்றத்தார் நடுவில்தான் பாடுகிறார்கள்.

அரண்மனையும் இந்த ஆவியுலகக் காதலுக்கு விலக்கில்லை. மலாய் மன்னர் வரலாற்றைச் சொல்லும் செஜாரா மெலாயு, அரச குலத்தின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு கல்யாணத்தை வைக்கிறது. மாப்பிள்ளை இந்தியாவிலிருந்து வந்த ராஜா சூலான். சில படிகளில் சூரான். சோழர் நினைவுதான் இந்தப் பெயராக நின்றது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை இந்தப் பக்கம் வந்தது கல்வெட்டில் இருக்கிறது. சீனத்தைப் பிடிக்கப் புறப்பட்ட சூலான் வழியில் கங்கா நகரத்தை அழிக்கிறான். அந்த நகரம் பேராக் கரையில், டிண்டிங் ஆற்றுப் பக்கம் இருந்ததாக நூல் சொல்கிறது. புருவாஸ் வட்டாரத்தை இன்றும் அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். பிறகு சீனர்கள் பல்லில்லாத கிழவர்களையும் துருப்பிடித்த ஊசிகளையும் பழமரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். புறப்படும்போது நாங்கள் வாலிபர்கள், இந்த ஊசிகள் எல்லாம் கை பருமன் இரும்பு, இந்த மரங்கள் விதை என்று கிழவர்கள் சொல்ல, அவ்வளவு தூரமா என்று மலைத்து மன்னன் படையைத் திருப்பிவிடுகிறான்.

படை திரும்பியது, ஆசை திரும்பவில்லை. கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடிப் பெட்டியில் இறங்குகிறான். அங்கே ஒரு நாடு, ஓர் அரசன், அவன் மகள் மஹ்தாபுல் பஹ்ரி. கல்யாணம், மூன்று பிள்ளைகள். ஒரு நாள் ஊர் நினைவு வர, பறக்கும் குதிரையில் ஏறி மேலே வந்துவிடுகிறான். அந்த வழியில் வந்த இளைஞர்கள்தாம் பலெம்பாங்கில் புக்கிட் செகுந்தாங் குன்றில் தோன்றி மலாய் அரச வம்சங்களுக்கு மூதாதையர் ஆனார்கள் என்கிறது நூல்.

மணிமேகலை படித்தவருக்கு இதைக் கேட்டதும் பீலிவளை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி கண்ட நாகநாட்டு இளவரசி அவள். ஒரு மாதம் அவனோடு வாழ்ந்துவிட்டுச் சொல்லாமல் போகிறாள், பிறந்த பிள்ளையைக் கம்பளச் செட்டியின் கப்பலில் அனுப்புகிறாள், கப்பல் கவிழ்கிறது, பிள்ளையைத் தேடும் துயரத்தில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரைக் கடல் கொள்கிறது. தமிழ்க் காப்பியத்தில் கடல்காதல் ஒரு தலைநகரத்தை மூழ்கடித்தது. மலாய் நூலில் அதே மாதிரியான காதல் அரசுகளைப் பெற்றெடுத்தது. சோழன் பெயர் கடலைத் தாண்டியபோது கதைக்கு நல்ல முடிவு கிடைத்திருக்கிறது.

அதே நூலில் ஆவியுலகப் பெண் கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லும் கதையும் இருக்கிறது. மனைவியை இழந்த மலாக்கா சுல்தான் மஹ்மூத் ஷா, லேடாங் மலையில் வாழும் தேவதைப் பெண்ணைக் கேட்டு ஆளனுப்புகிறான். அவள் கேட்ட சீர்வரிசை: மலாக்காவிலிருந்து மலைவரை ஒரு தங்கப்பாலம், ஒரு வெள்ளிப்பாலம், ஏழு தாம்பாளம் கொசுவின் இதயம், ஏழு தாம்பாளம் சிறுபூச்சியின் இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, ஒரு கிண்ணம் சுல்தானின் ரத்தம், ஒரு கிண்ணம் அவன் மகனின் ரத்தம். மற்றதெல்லாம் கொடுக்கலாம், ரத்தம் மட்டும் முடியாது என்று சுல்தான் ஒதுங்கிவிட்டானாம். கொசுவின் இதயத்தை ஏழு தாம்பாளம் சேர்க்கலாம் என்று நினைத்தவனின் நம்பிக்கை மலைக்க வைக்கிறது. வேண்டாம் என்பதை இவ்வளவு மரியாதையாக, இவ்வளவு குறும்பாகச் சொன்ன பெண் எந்த இலக்கியத்திலும் அபூர்வம். அந்த மஹ்மூத்தின் இன்னொரு மகன் முசபர் ஷாதான் 1528இல் பேராக்கின் முதல் சுல்தானாக வந்தவர்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதைகள் வெள்ளைத் துணிக்கு வந்தன. இங்கே ஒரு மனிதரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்: பி. என். ராவ். கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவுக்காக 1939இல் ‘ரம்பையின் காதல்’ படத்தை இயக்கியவர் அவர். கே. எல். வி. வசந்தா, என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் நடித்த படம். பூமிக்கு வந்த ரம்பை நேரத்துக்குத் திரும்பாததால் இந்திரன் சாபத்தில் சிலையாகிறாள். ஊர்ப்பிள்ளைகள் ஓர் அப்பாவியைப் பிடித்து, விளையாட்டாக அந்தச் சிலைக்குத் தாலி கட்ட வைக்கிறார்கள். கட்டியது கட்டியதுதானே, இரவில் சிலை எழுந்து மனைவியாக வந்து நிற்கிறது. அப்பாவி படும் பாடுதான் படம். 1956இல் தங்கவேலுவும் பானுமதியும் நடிக்க அதே தலைப்பில் கதை மீண்டும் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, சிங்கப்பூருக்குப் போய்க் கேத்தே கெரிஸ் நிறுவனத்தில் சேர்ந்திருந்த ராவ், ‘பொந்தியானாக்’ எடுத்தார். 1957 ஏப்ரலில் சிங்கப்பூரில் வெளியாகிக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஓடியது. கான்டனீஸ் மொழியிலும் பேசவைத்தார்கள். மரியா மெனாடோ நடித்த கூனியான சோமெல், ஒரு கஷாயத்தைக் குடித்துப் பேரழகியாகிறாள். ரத்தத்தை மட்டும் ருசி பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. காதலித்துக் கல்யாணம் செய்து நன்றாக வாழ்கிறாள். ஒரு நாள் கணவனைப் பாம்பு கடிக்க, விஷத்தை உறிஞ்சி எடுக்கிறாள். கணவன்மேல் வைத்த அன்பினாலேயே நிபந்தனை உடைகிறது, பொந்தியானாக் ஆகிவிடுகிறாள்.

அன்றைய மலாய்த் திரையுலகில் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள்தாம் கோலோச்சினார்கள். பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எஸ். ராமநாதன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் என்று நீளமான வரிசை அது. ஆனால் ரம்பையையும் பொந்தியானாக்கையும் ஒருவரே கட்டி வைத்தது தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை. சாபம், நிபந்தனை, இரவில் ஓர் உரு, ஊருக்குத் தெரியாத கல்யாணம் என்று அவருக்குப் பழகிய சட்டகம் மலாய்க் கதைக்குள் இடறாமல் பொருந்தியிருக்கிறது. 1950களில் நடமாடும் படவண்டிகள் தோட்டம் தோட்டமாகப் போய்த் திடலில் துணி கட்டிப் படம் காட்டின. தமிழ்ப் படமும் மலாய்ப் படமும் பார்த்த பிள்ளைகளின் மனத்தில் ரம்பையும் பொந்தியானாக்கும் ஒரே நிரையில்தான் நின்றிருப்பார்கள்.

ராவின் முதல் ‘பொந்தியானாக்’ இன்று இல்லை. தயாரிப்பில் பங்காளியாக இருந்த ஹோ ஆ லோக் அதன் படச்சுருள்களைக் கைவிட்ட ஈயச் சுரங்கக் குட்டையில் எறிந்துவிட்டார் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. 1958இல் வந்த ‘சும்பா பொந்தியானாக்’ தப்பியிருக்கிறது. 2004இல் இயக்குநர் ஷுஹைமி பாபாவின் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ படமும், லேடாங் மலைப் பெண்ணைப் பற்றிய ‘புத்ரி குனோங் லேடாங்’ படமும் ஒரே ஆண்டில் திரைக்கு வந்தன. இரண்டிலும் நிறைவேறாத காதல்தான் அடித்தளம்.

தோட்டத்துக் கதைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது, இரவு ஊரடங்கு வந்தது. வெளியே போக முடியாத ராத்திரிகளில் கதைக்குப் பஞ்சமில்லை. பிறகு தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் கையில் நிலம் நிற்கட்டும் என்று மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இருந்தும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, பீடோர் பக்கத்து லயங்களும் காலியாகின. செம்பனைக்கு விடியற்காலைச் சீவு கிடையாது; விளக்குக் கட்டிக்கொண்டு இருட்டில் தனியே நடக்கும் வேலை அதோடு முடிந்தது. குடும்பங்கள் தாப்பா, ஈப்போ புந்தோங், கிள்ளான் என்று பிரிந்து போயின.

மலாய்க் கதைக்கு ஒரு ஸ்கீட் கிடைத்தார். தெமியார் பாட்டை ரோஸ்மன் ஒலிப்பதிவு செய்து வைத்தார். பால்வெட்டுக்காரர்களின் மோகினிக் கதைகளை அப்படி அக்கறையாகச் சேர்க்கும் வேலை இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. பேராக் தோட்டங்களில் 1960களில் பிரட்டுக்குப் போனவர்களுக்கு இன்று எழுபது எண்பது வயது. எந்த நிரையில் யார் எதைப் பார்த்தார்கள், எந்தப் பெண் எந்தப் பேயைப் பேசியே துரத்தினாள், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் என்ன மந்திரம் சொல்லிக் கொடுத்தார் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இன்னும் இருக்கின்றன. பானோப்டேன் போலத் தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகளின் மாணவர்கள் ஒரு கைப்பேசியோடு தங்கள் தாத்தா பாட்டியிடம் போய் உட்கார்ந்தால், ஒரு பள்ளி விடுமுறைக்குள் ஒரு புத்தகத்துக்கு வேண்டிய கதைகள் சேர்ந்துவிடும்.